அழகு 16, ஆறுதல் 14

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு அம்மாவை எஸ்.பி.க்குக் கூட்டிப் போக வேண்டும். வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் டயாலிசிஸ். சனிக்கிழமை நான் ஊரில் இருந்தால் என் முறை. சாவியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தால், தம்பி வாசலில் குந்தியிருக்கிறான். முன்பக்க இடது டயர் தரையோடு ஒட்டிக் கிடக்கிறது.

"அக்கா, நேத்து ராத்திரி ஓ.டி. முடிச்சு வரும்போது தோட்டத்து முச்சந்தியில ஒரு குழி. தண்ணி நின்னுச்சு, தெரியல. ரிம் வெடிச்சிருச்சு போல."

பீடோங் பக்கம் தோட்டத்துச் சாலையை அறிந்தவர்களுக்கு அந்தக் குழியை விவரிக்கத் தேவையில்லை. செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் நாள் முழுவதும் போய்வரும் வழி. நேற்று சமமாக இருந்த இடத்தில் இன்று ஒரு வாளி தண்ணீர் பிடிக்கும்.

பக்கத்து வீட்டுச் சித்தி தன்னுடைய ஆக்சியா சாவியைக் கொடுத்தார். அம்மாவைப் பின்னால் உட்காரவைத்து, இடுப்புக்குத் தலையணை வைத்து, வழக்கம்போல மெதுவாக ஓட்டினேன். செம்மண் சாலை முடிந்து தார் ரோட்டில் ஏறும் இடத்தில் அம்மா சொன்னார்: "இந்த வண்டி உதைக்கலையே."

ஐந்து மாதமாகத் தம்பியின் மைவியில் போய்வருகிறார். ஒரு நாளும் வாய் திறந்து குறை சொன்னதில்லை. பிள்ளை ஆசைப்பட்டு வாங்கிய வண்டி அல்லவா?

மைவியும் ஆக்சியாவும் ஒரே பெரோடுவா கம்பெனியின் பிள்ளைகள். விலையில் ஆக்சியாதான் தம்பி. பிறகு எப்படி அது மெதுவாகப் போகிறது, இது உதைக்கிறது? அம்மா சிகிச்சையில் இருந்த நான்கு மணி நேரமும் கார் நிறுத்துமிடத்தில் இதைத்தான் துருவிக்கொண்டிருந்தேன். பதில் சக்கரத்தில் இருந்தது.

மைவி 2005 மே மாதம் வந்தது. இப்போது ஓடும் மூன்றாம் தலைமுறை 2017 நவம்பரில். இதில் 1.3 லிட்டர் வண்டிக்குக் கம்பெனி கொடுப்பது 14 அங்குல ரிம், 175/65 டயர். 1.5 லிட்டருக்கு 15 அங்குலம், 185/55. சித்தியின் ஆக்சியாவிலும் அதே 175/65, 14 அங்குலம். தம்பி வாங்கியது 1.3 லிட்டர் செகண்ட்ஹேண்ட் மைவி. ஆனால் அதற்கு முந்தைய சொந்தக்காரர் 16 அங்குல ஸ்போர்ட் ரிம்மும் 195/45 டயரும் மாட்டியிருந்தார். தம்பி மயங்கியதே அந்த ரிம்மில்தான். வண்டியைப் பார்க்கப் போன அன்று என்ஜினைத் திறந்து பார்ப்பதற்கு முன்பே ரிம்மைப் படம் எடுத்து எனக்கு அனுப்பிவிட்டான்!

டயரின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் அந்த எண்களைப் படிப்பது கஷ்டமில்லை. 175 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 65 என்பது, அந்த அகலத்தில் 65 விழுக்காடு அளவுக்கு டயரின் பக்கச் சுவர் உயரம். கடைசியில் வரும் 14, ரிம்மின் விட்டம், அங்குலத்தில். கைப்பேசியிலேயே கணக்குப் போட்டுப் பார்த்தேன். கம்பெனி டயரின் பக்கச் சுவர் ஏறக்குறைய 114 மி.மீ. 1.5 லிட்டர் மைவியில் 102 மி.மீ. தம்பியின் 195/45-இல் வெறும் 88 மி.மீ. மூன்றின் மொத்த விட்டமும் 582-இலிருந்து 585 மி.மீ.க்குள்தான் வருகிறது, அதனால் ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது. வெளியிலிருந்து பார்த்தால் சக்கரம் அதே உயரம். உள்ளே இரும்பும் அலுமினியமும் கூடிவிட்டன, ரப்பரும் காற்றும் குறைந்துவிட்டன.

குழியில் விழும்போது முதலில் அடி வாங்குவது அந்தக் காற்றுதான். 114 மி.மீ. மெத்தைக்கும் 88 மி.மீ. மெத்தைக்கும் உள்ள வித்தியாசம் அம்மாவின் இடுப்புக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கும் தம்பிக்கும்தான் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அடுத்த சோதனை. மாமா ஆடு வளர்த்து விற்பவர். அவரிடம் ஒரு தொங்கு தராசு இருக்கிறது. கழற்றிவைத்த 16 அங்குலச் சக்கரத்தை டயரோடு மாட்டிப் பார்த்தோம், 17 கிலோ. சித்தியிடம் கெஞ்சி ஆக்சியாவில் ஒன்றைக் கழற்றி நிறுத்தோம். 13 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு சக்கரத்துக்கு 4 கிலோ, நான்குக்கும் சேர்த்து 16 கிலோ. "ஒரு நல்ல கிடாக்குட்டி எடை" என்றார் மாமா.

"16 கிலோ ஒரு எடையா அக்கா? நீ முன்னால உட்கார்ந்தாலே ஐம்பத்தஞ்சு கிலோ கூடுது" என்று தம்பி சிரித்தான். கேள்வி நியாயம்தான். ஆனால் என்னை விட்டுவிடலாம். நான் சீட்டில் உட்காருகிறேன். எனக்கும் சாலைக்கும் நடுவில் ஸ்பிரிங் இருக்கிறது. சக்கரத்தின் எடை ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்குகிறது. மேடு வந்தால் சக்கரம் மேலே எழும்ப வேண்டும், உடனே கீழே இறங்கிச் சாலையைப் பிடிக்க வேண்டும். கனமான சக்கரம் எழும்பினால் அதை அடக்க ஸ்பிரிங்கும் அப்சார்பரும் கூடுதலாகப் பாடுபட வேண்டும். அடக்க முடியாத மிச்சம் வண்டியின் உடம்புக்கு வந்து சேரும். இதை அப்பாவிடம் விளக்க நான் திணறிக்கொண்டிருந்தபோது, முப்பது வருஷம் பால் மரம் சீவிய அவர் சட்டென்று சொன்னார்:

"காண்டாக் கம்புல ரெண்டு வாளி பால தோள்ல சுமந்துடலாம்மா. மழையில சேறு ஒட்டின பூட்ஸைத் தூக்கித் தூக்கி வைக்கிறதுதான் ஆளைக் கொல்லும்."

வானொலியில் இத்தனை வருஷம் பேசிச் சம்பாதிக்கிறேன், இப்படி ஒரு வாக்கியம் எனக்கு வந்ததில்லை.

சுழற்சி என்று இன்னொன்று இருக்கிறது. சக்கரம் முன்னால் போவதோடு சுற்றவும் வேண்டும். எடை நடுவில் இருந்தால் சுற்றுவது சுலபம், ஓரத்தில் இருந்தால் சிரமம். ரிம்மின் விளிம்பிலும் டயரிலும் இருக்கும் ஒரு கிலோவை நகர்த்தவும் நிறுத்தவும், சீட்டில் வைத்த ஏறக்குறைய இரண்டு கிலோவுக்கு ஆகும் சக்தி வேண்டும். பெரிய ரிம் எடையை வெளிப்பக்கம் தள்ளுகிறது. அதனால்தான் 16 அங்குலத்தில் தம்பியின் மைவி பச்சை விளக்கில் கிளம்பும்போது கொஞ்சம் சோம்பல் முறித்தது. அவன் அதை 'கியர்பாக்ஸ் கோளாறு' என்று நினைத்து எண்ணெய் மாற்றியிருக்கிறான்.

பந்தயக்காரர்களுக்கு இது பழைய செய்தி. ஜப்பானின் ரேஸ் கம்பெனி 1996-இல் வெளியிட்ட டிஇ37 என்ற ரிம்மை நம் இளைஞர்கள் எல்லோருக்கும் தெரியும். ஆறு கம்பி, பார்த்ததும் அடையாளம் தெரியும் வடிவம். பெயரில் உள்ள 37, அதன் எடையிலிருந்து வந்தது. 15 அங்குல ரிம் ஒன்று 3.7 கிலோ. எடைக்காகப் பெயர் பெற்ற ரிம் அது. நம் ஊரில் அதே வடிவத்தில் நகல் ரிம் எத்தனையோ கிடைக்கிறது. வடிவத்தை நகல் எடுக்கலாம், 3.7 கிலோவை எடுப்பது லேசில்லை. அசல் ரிம் அலுமினியத்தைப் பெரும் அழுத்தத்தில் அடித்துச் செய்யப்படுவது. நகல் பெரும்பாலும் உருக்கி வார்த்தது. அதே வலிமை வேண்டுமென்றால் கூடுதலாக உலோகம் போட வேண்டும். போடாமல் விட்டால் என்ன ஆகும் என்பதை எங்கள் வாசலில் பார்த்தோம். தம்பியின் ரிம்மில் உள்பக்க விளிம்பில் ஒரு விரல் நீளத்துக்கு விரிசல்.

அன்று மாலையே ஒரு கடைக்குக் கொண்டுபோனோம். எந்தக் கடை என்று சொல்ல மாட்டேன். பார்த்தவுடன், "வெல்டிங் அடிச்சுக் கொடுக்குறேன், அறுபது வெள்ளி, புதுசு மாதிரி ஓடும்" என்றார் அங்கிருந்தவர். தம்பியின் முகம் மலர்ந்துவிட்டது. அதே டிசைனில் ஒற்றை ரிம் கிடைப்பது அரிது, முழு செட் வாங்க அவனிடம் பணம் இல்லை. எனக்கு மனசு ஒப்பவில்லை. விரிசல் விட்ட அலுமினிய ரிம்மைப் பற்றவைத்தால், சூடு பட்ட இடத்தைச் சுற்றி உலோகம் பலம் இழக்கும். மேலே பெயிண்ட் அடித்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. இவன் தினமும் பீடோங்கிலிருந்து பாயான் லெப்பாஸுக்கு வேலைக்குப் போகிறவன். நெடுஞ்சாலையில் 110, பிறகு 13.5 கி.மீ. பினாங்குப் பாலம், காலை மழை, இரண்டு பக்கமும் லோரி. மற்ற மூன்று நாளில் அதே சக்கரத்தில் அம்மா. அறுபது வெள்ளிக்கு இந்தக் கணக்கு எனக்குச் சரிவரவில்லை.

வீட்டில் கொஞ்சம் சத்தம் எழுந்தது உண்மை. "உனக்கென்ன, நீ கே.எல்.ல இருக்க. 14 போட்டா பசங்க டாக்சியான்னு கேப்பானுங்க" என்றான். கேட்பார்கள்தான். தோட்டத்துப் பிள்ளை முதல் சம்பளத்தில் மோட்டார், கொஞ்சம் நிமிர்ந்ததும் கார், அதில் ஒரு ரிம். லயத்து வீட்டில் அண்ணன் தம்பியோடு ஒரே அறையைப் பங்கு போட்டு வளர்ந்தவனுக்கு 'இது என்னுடையது' என்று ஊருக்குக் காட்ட வேறு என்ன இருக்கிறது? வீடு வாங்க முடியாது. ரிம் வாங்கலாம். இதை நான் கிண்டல் செய்ய மாட்டேன். என் வயதுப் பெண்கள் கைப்பையில் செய்வதை அவன் சக்கரத்தில் செய்கிறான், அவ்வளவுதான்.

கடைசியில் வேலை செய்தது பணம். எஸ்.பி.யில் இன்னொரு டயர் கடை. அங்கு வேலை செய்யும் அண்ணன், மைவிக்காரர்கள் பெரிய ரிம் போடும்போது கழற்றி விட்டுச்செல்லும் ஒரிஜினல் ரிம்களைப் பின்னால் அடுக்கி வைத்திருந்தார். "தங்கச்சி, எல்லாரும் இங்க 14-ஐக் கழட்டிட்டு 16 மாட்ட வர்றாங்க. நீங்கதான் தலைகீழா வர்றீங்க" என்று சிரித்தார். நான்கு ஒரிஜினல் 14 அங்குல அலுமினிய ரிம் 350 ரிங்கிட். புது டயர் 175/65-இல் அவர் சொன்ன விலைக்கும் 195/45-இல் சொன்ன விலைக்கும் ஒரு டயருக்கு எழுபது ரிங்கிட் வித்தியாசம். தம்பி வருஷத்துக்கு முப்பதாயிரம் கி.மீ. ஓட்டுகிறவன். இரண்டு வருஷத்துக்குள் அடுத்த செட் டயர் வரும். அவனே மனக்கணக்குப் போட்டுவிட்டான்.

பெட்ரோல் எவ்வளவு மிச்சமாகும் என்று கேட்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். 16 கிலோ குறைந்தது, சுழற்சியையும் சேர்த்தால் இருபத்தைந்து முப்பது கிலோ குறைந்த மாதிரி. ஆயிரம் கிலோவைத் தாண்டும் வண்டிக்கு இது இரண்டு மூன்று விழுக்காடு. அதுவும் நின்று நின்று போகும் இடத்தில்தான் பலன்; நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போகும்போது எடையால் அதிக வித்தியாசம் வராது. என் தோராயக் கணக்கில் பெட்ரோலில் ஒரு விழுக்காடு. 2025 செப்டம்பர் 30 முதல் பூடி95-இல் ரோன்95 லிட்டர் 1.99 ரிங்கிட்டுக்கு வந்தது. அந்த விலையில் தம்பிக்கு மாதம் முந்நூறு ரிங்கிட்டுக்குச் சற்றுக் கூடுதல் ஆகிறது. மிச்சம் மூன்று ரிங்கிட். ஒரு ரொட்டி சானாய், ஒரு தே தாரேக், அதற்கே பத்தாமல் போனாலும் போகலாம். 'ரிம் மாற்றினால் பெட்ரோல் பாதி' என்று யாராவது விற்க வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

மாற்ற நினைப்பவர்கள் கடையில் பார்க்க வேண்டியது சில உண்டு. முதலில், ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கர். உங்கள் மாடலுக்குக் கம்பெனி அனுமதித்த டயர் அளவும் காற்றழுத்தமும் அதில் இருக்கும். அதில் இல்லாத சிறிய ரிம்முக்கு இறங்கினால் உள்ளே பிரேக் காலிப்பர் இடிக்கலாம். காசு கொடுக்கும் முன் ஒரு ரிம்மை மாட்டச் சொல்லி, கையால் முழுச் சுற்றுச் சுற்றிப் பாருங்கள். நான் சுற்றிப் பார்த்தேன். கடை அண்ணனுக்குக் கொஞ்சம் வருத்தம், பரவாயில்லை. மைவி, ஆக்சியா, பெஸ்ஸா மூன்றுக்கும் நான்கு நட், 100 மி.மீ. வட்டம், நடு ஓட்டை 54.1 மி.மீ. வெளிச் சந்தை ரிம்களில் நடு ஓட்டை பெரிதாக இருக்கும். அந்த இடைவெளிக்கு வளையம் போடாவிட்டால் வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கும். பேலன்ஸ் சரியில்லை என்று நினைத்து நாம் கடைக்கும் வீட்டுக்கும் அலைவோம்.

டயரில் அளவுக்குப் பின்னால் வரும் எண்ணை யாரும் பார்ப்பதில்லை. 82 என்றால் ஒரு டயர் 475 கிலோ தாங்கும் என்று பொருள். ஐந்து பேர், திருமணச் சாமான், தீபாவளிக்கு முறுக்கு டின் என்று ஏற்றிப் போகும் நம் குடும்பங்களுக்கு இது முக்கியம். அதைவிடக் குறைந்த எண் வேண்டாம். நான்கு இலக்கத்தில் ஒரு முத்திரை இருக்கும். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. 'புது டயர்' என்று சொல்லி நான்கு வருஷம் அலமாரியில் தூங்கியதைத் தலையில் கட்டும் கடைகளும் உண்டு. வெளிச் சந்தை ரிம்மின் பின்பக்கத்தில் ஜேடபிள்யூஎல் என்ற ஜப்பானியத் தர முத்திரையைத் தேடுங்கள். மாட்டிய பிறகு ஐம்பது நூறு கி.மீ. ஓடியதும் நட்டை மறுபடி இறுக்கிப் பாருங்கள். இது எல்லோரும் மறக்கும் காரியம், நானும் மறந்து ஜூரு ஓய்விடத்தில் நிறுத்தி இறுக்கினேன்.

குறையும் சொல்லிவிடுகிறேன். உயரமான பக்கச் சுவர் வளைவில் கொஞ்சம் அசையும். 16-இல் ஸ்டீயரிங்கைத் திருப்பினால் உடனே திரும்பியது. 14-இல் அரை நொடி யோசித்துவிட்டுத் திரும்புகிறது. பாலிங் மலைப்பாதையில் வேகமாகப் போகிறவர்களுக்கு அது பிடிக்காது. காய்ந்த சாலையில் 195 அகலம் கூடுதலாகப் பிடிக்கும். ஆனால் சாலையில் தண்ணீர் நிற்கும்போது, ஒரே தரத்து டயர் என்றால், ஒல்லியான 175 தண்ணீரைக் கிழித்துக்கொண்டு இறங்கும், அகலமானது மேலே மிதக்கப் பார்க்கும். கெடாவில் எந்த மாதம் மழை இல்லை என்று நீங்களே சொல்லுங்கள்.

நம் பெற்றோர் காலத்து வண்டிகளை நினைத்துப் பாருங்கள். 1985-இல் வந்த முதல் புரோட்டோன் சாகாவில் 13 அங்குலம். 1994-இல் வந்த கஞ்சிலில் 12. இங்கிலாந்தில் 1959-இல் வந்த மினி வெறும் 10 அங்குலச் சக்கரத்தில் ஓடியது, அதே மினி பந்தயமும் ஜெயித்தது. கஞ்சிலில் ஏழு பேர் ஏறித் தைப்பூசத்துக்குப் பினாங்கு போய் வந்த குடும்பம் எங்களுடையது. சட்டப்படி தவறு, செய்யாதீர்கள். ஆனால் அந்த 12 அங்குலம் எங்களைக் கைவிட்டதில்லை.

மாற்றி ஏழு வாரம் ஆகிறது. முதல் நாள் தம்பி வண்டியைப் பார்க்கவே இல்லை. மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவில் கறுப்பாகத் தெரிகிறதாம், ரிம் சின்னதாகி டயர் தடித்துவிட்டதாம், 'செருப்பில்லாத கால் மாதிரி' இருக்கிறதாம். இரண்டாவது வாரம் பாயான் லெப்பாஸிலிருந்து குரல் பதிவு அனுப்பினான்: "அக்கா, பாலத்து மூட்டுல எல்லாம் டக் டக்குன்னு அடிக்கும்ல, இப்போ சத்தமே வரல." அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அவனிடமிருந்து அவ்வளவு வந்ததே பெரிது.

போன சனிக்கிழமை நான்தான் ஓட்டினேன். சிகிச்சை முடிந்து திரும்பும்போது அம்மா எப்போதும் களைத்துப்போய், ஆனால் கண்ணை மூடாமல், முன்சீட்டைப் பிடித்தபடியே வருவார். அடுத்த குலுக்கலுக்குத் தயாராக. அன்று தார் ரோடு முடிந்து செம்மண் தொடங்கியது எனக்குத் தெரிந்தது. கண்ணாடியில் பார்த்தேன். தலையணை நழுவிக் கீழே கிடந்தது, அம்மா வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

உடைந்தது போக மிச்சம் மூன்று 16 அங்குல ரிம் வீட்டுக்குப் பின்னால் தார்ப்பாய் போட்டு மூடியிருக்கிறது. விற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் தார்ப்பாயை விலக்கித் துடைக்கிறான் என்று அப்பா சொல்கிறார்.